மஞ்சளுக்கு அடுத்தது உப்பு

எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ஏழு தள்ளுவண்டிகள் இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு வந்த முதல் வாரத்தில் ஆறு நாட்கள் கவனித்து நாட்குறிப்பில் எழுதினேன்: ஒரு வாடிக்கையாளர்கூட ஒரு வண்டியையும் தொடவில்லை. இரண்டில் பெரிய வெங்காயம் கிடக்கிறது. ஒன்றில் தேங்காய். ஒன்றில் மடித்த அட்டைப்பெட்டிகள். ஒன்றில் முதலாளியின் மழைக்கோட்டும் தலைக்கவசமும். மீதி இரண்டையும் சங்கிலி போட்டுச் சன்னல் கம்பியோடு பூட்டியிருக்கிறார்கள். கதவுக்கு மேல் ‘சுயசேவை’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. வருகிறவர்களோ உள்ளே நாலடி வைத்து, பில் போடும் மேசைக்கு முன் நின்று, கூரையைப் பார்த்தபடி வேண்டியதைச் சொல்கிறார்கள். சொல்லி முடிக்கும்போது சாமான்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. தாமாக எடுத்துக்கொள்வதற்காகவே கட்டிய கடையில் தாமாக எடுக்கும் ஒரே ஆள் நான்தான். அதனால் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நான் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் முடியும்வரை ஐந்து மாத விடுப்பில் வந்து, ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். பத்திர வேலை வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அக்கா என்னைக் கடைக்கு அனுப்புவாள். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும், விடுப்பில் வந்த ஆணுக்கு வீட்டில் வேறு வேலை இருக்காது.

இந்தக் கடையின் தரத்தை ஒரே வரியில் எழுத என்னால் முடியவில்லை. உளுந்து அபாரம், ஒரு உழக்கு அரைத்தால் பானை வழியப் பொங்குகிறது. மிளகாய் வற்றலின் காம்பைக் கிள்ளினால் பக்கத்து அறையில் தும்முகிறார்கள். செண்பகத்தோப்புப் பக்கத்திலிருந்து வரும் கொய்யாவை மோந்து பார்த்துவிட்டு வாங்காமல் வர முடியாது. அதே கடையில் செவ்வாய்க்கிழமைத் தக்காளி கை பட்டதும் குழைந்துவிடும். மதியம் குளிர்ப்பெட்டியை அணைத்துவிடுவதால் தயிர் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். சேவையும் அப்படித்தான். ஒருநாள் வாசல்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். மறுநாள் பில் போடும் பேச்சியம்மாள் தளவாய்புரத்துச் சித்தியோடு போன் பேசி முடிக்கும்வரை எட்டுப் பேர் காத்து நிற்போம். ஆனால் குறையை மறைக்கிற பழக்கம் இவர்களிடம் இல்லை. நான் ஒரு ரொட்டியை எடுத்தபோது பேச்சியம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

“அத வைங்க அண்ணாச்சி. அது முந்தாநேத்தே மண்டையப் போட்டுருச்சு.”

“பொறவு ஏன் வச்சிருக்கீங்க?”

“தூக்கிட்டுப் போக ஆளு வரலயே. நமக்கென்ன, கெடந்துட்டுப் போவுது.”

பிரேமனில் நான் போய் இறங்கிய முதல் மாதம். தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் நின்ற கடைப் பணியாளரிடம் ஊர்ப் பழக்கத்தில், “இது நல்லா இருக்குமா?” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் தொங்கிய பலகையைக் காட்டி, “ஸ்பானியன்” என்றார். ஸ்பெயின் நாட்டுத் தக்காளி என்று அர்த்தம். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பவும் கேட்டேன். அவர் இன்னும் தெளிவாக, “ஸ்பா-னி-யன்” என்றார். அங்கே எல்லாத் தக்காளியும் ஒரே மாதிரி நன்றாக இருக்கும், அல்லது ஒரே மாதிரி சுமாராக இருக்கும். ஆகவே அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. பிற்பாடு நானே அந்த ஒழுங்கைக் காக்கிற ஆளாக ஆனேன். எந்தத் தட்டில் எது, எத்தனை பொட்டலத்தின் முன்பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து படம் வரும். பிளானோகிராம் என்று பெயர். அதை ரெகாலில், அதாவது அடுக்குத் தட்டில், ஒரு விரல் பிசகாமல் நிறுத்துவது என் வேலை.

அந்தக் கண்ணோடு பார்த்ததால்தான் தெருமுனைக் கடையின் அடுக்கு என்னைத் தூங்கவிடவில்லை. மஞ்சள் தூளுக்கு அடுத்து உப்பு. உப்புக்கு அடுத்து புளி. துவரம்பருப்பு ஒரு மூலையிலும் பொரிகடலை வேறொரு மூலையிலும். இடியாப்ப மாவு தேங்காய்க்குப் பக்கத்தில். மைதா டால்டாவுக்கும் ஏலக்காய்க்கும் நடுவில். மேசைக்கு வெகு அருகில் ஒரு தட்டில் பெருங்காயம், தீப்பெட்டி, கற்பூரம், ரப்பர் பேண்டு, எலிப் பசை. பெண்களுக்கான நாப்கின்களோ வாசலை ஒட்டி, யாரும் நிற்காத இருட்டு ஓரத்தில். ஒவ்வொரு தட்டையும் வரைந்து, இருபத்து மூன்று பிழைகள் என்று எண் போட்டு எழுதினேன்.

அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் ஜோதி இருந்தாள். முப்பது வயதிருக்கும். உண்மைப் பெயர் ஜோத்ஸ்னா. கடையில் ஜோதி ஆக்கிவிட்டார்கள். ஒடிசாக்காரி. கணவன் ஊருக்கு வெளியே நூல் மில்லில் வேலை பார்க்கிறான். இங்கே வந்த எட்டு வருடத்தில் அவள் பேசும் தமிழில் வேற்றூர் வாடை அபூர்வமாகத்தான் அடிக்கும். வீடுகளிலிருந்து சாமான் பட்டியலைக் குரலாகப் பதிவு செய்து கடையின் வாட்ஸப்புக்கு அனுப்புவார்கள். பேச்சியம்மாள் போனைச் சத்தமாக வைப்பாள். ஜோதி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் தட்டில் நிற்பாள். குரல் தொடங்கியதும் நடப்பாள். நிற்க மாட்டாள், திரும்ப மாட்டாள், குனிந்து தேட மாட்டாள். வலது கை மட்டும் போய்ப் போய் வரும். போனில் அந்த அம்மாள், “ஆங், பெருங்காயம் ஒண்ணு, மறந்துட்டேன் பாரு” என்று சொல்லி முடிக்கையில் ஜோதி மேசைக்கு வந்து கூடையை இறக்கியிருப்பாள். நான் ஒருநாள் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தேன். பதிவு ஓடிய நேரமும் அவள் நடந்த நேரமும் ஒன்று. பிரேமனில் எங்கள் ஆட்களில் கெட்டிக்காரனுக்குக்கூட இது முடியாது. நல்ல பழக்கம் என்று குறித்துக்கொண்டேன். வேறெதுவும் தோன்றவில்லை.

கடை முதலாளி ஜகநாதன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். மதுரை சாலையில் பெரிய கம்பெனி ஒன்று குளிர்சாதனக் கடை திறந்ததிலிருந்து அவனுக்கு உறக்கம் போய்விட்டது. என் நோட்டைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டான்.

“ஏலே, ஜெர்மனிக்காரனுக்கு அடுக்கிக் குடுக்கே, சேக்காளிக்கு அடுக்கித் தர மாட்டியா?”

“ஆளுங்க பழகணுமேடா.”

“எல்லாம் பழகுவாளுவ. ஜெர்மன்காரன் மாரி வச்சுக் குடு. அந்தப் பெரிய கடைக்காரன் வந்து பாத்து வாயப் பொளக்கணும்.”

மாதாந்திர மின்தடை நாளில் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வேலையைத் தொடங்கினோம். நான் படம் போட்டுக் கொடுத்தேன்: பருப்பு வகை ஒரு தட்டு, மசாலா ஒரு தட்டு, எண்ணெய் ஒரு தட்டு. மாவு, ரவை, மைதா எல்லாம் ஒரே தட்டில், உயரத்துக்கு ஏற்றபடி. இவையெல்லாம் கடையிலேயே பாலித்தீன் உறையில் கட்டி, தமிழில் அச்சடித்த சீட்டு ஒட்டியவை. ஜோதி இரண்டு கையிலும் இரண்டு பொட்டலத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, மாவு எல்லாத்தயும் ஒண்ணா வைக்காதீய. ஒண்ணோட ஒண்ணு சண்ட போடும்.”

நான் சிரித்துவிட்டேன். “சண்ட போட்டா வெலக்கி விடுவோம், வையி” என்றேன். அவள் சிரிக்கவில்லை. பொட்டலங்களை நான் சொன்ன தட்டில் வைத்தாள். அன்றைக்கு நாட்குறிப்பில் அவள் சொன்னதை நகைச்சுவை என்று எழுதி வைத்தேன். அந்தச் சொல்லை இப்போது அடித்துவிட்டேன்.

மறுநாள் கடை அழகாக இருந்தது. ஜகநாதன் வாசலில் நின்று போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினான். முதல் பதிவு ஓடியது. ஜோதி கூடையோடு நடந்தாள், நின்றாள், திரும்பினாள். மஞ்சளுக்காகக் கடையின் அந்தக் கோடிக்குப் போனாள், உப்புக்காக இந்தக் கோடிக்கு வந்தாள். நான் எண்ணினேன், ஒரே பட்டியலுக்குப் பதினோரு தடவை குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். குரல் எப்போதோ முடிந்துவிட்டது. பேச்சியம்மாள் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். மேசை முன் நின்றவர்களில் ஒருத்தி, “என்னடி பேச்சி, ஒங்க கடையில சாமான் வாங்குறதுக்குள்ள எம்மவன் காலேசு முடிச்சுருவான் போலருக்கு” என்றாள். இரண்டு நாளில் பழகிவிடும் என்று ஜகநாதனிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. கையில் பித்தளை இடியாப்ப உரல். அதை மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

“ஏம்மா, இது மாவா, போஸ்டர் ஒட்டுற பசையா? புது மருமகப்பிள்ள எலையப் போட்டு உக்காந்துருக்காரு. எம்பொண்டாட்டி உரலப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்கா. இந்தா, நீ புழி. ஒரு நூலு வரட்டும், நான் இந்த மீசைய எடுத்துருதேன்.”

“மீசைய விடுங்க மாமா, வீட்டுல மதிக்கிறது அது ஒண்ணுதான” என்றாள் பேச்சியம்மாள்.

“பனியில பதினேழு வருசம் நின்னவன்டி நானு. இந்த உரலுகிட்டத் தோத்துட்டேன்!”

நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜகநாதன் மட்டும் சிரிக்கவில்லை. இடியாப்ப மாவு என்று மைதாவைக் கொடுத்தது ஜோதி. அதற்கு முந்தைய நாள் ரவைக்குப் பதில் வேறொன்று. எல்லோர் முன்னாலும் சொன்னான்: “மூணு வருசமா இங்கதான நிக்க? மைதா எது, மாவு எதுன்னு தெரியல? இந்த மாசத்தோட நின்னுக்கம்மா.”

ஜோதி உரலிலிருந்து மேசையில் சிந்திய மாவைத் துணியால் துடைத்தாள். அவள் சரக்கறைக்குப் போன பிறகு பேச்சியம்மாள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “மில்லுல ஒரு ஷிப்ட நிப்பாட்டிட்டாக அண்ணாச்சி. அவ வீட்டுக்காரனுக்குப் பாதி நாளுதான் வேல. இவளுக்கும் இல்லேன்னா அவிய மூட்டையக் கட்டிர வேண்டியதுதான். மக மூணாப்பு படிக்கா. வகுப்புல தமிழ்ல அவதான் மொத மார்க்கு. அங்க போயி அந்தப் புள்ள என்ன பாசையில படிக்கும்?”

எனக்கு அப்போதும் கோபம் ஜோதிமேல்தான். சீட்டில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காமல் எப்படி மாற்றிக் கொடுத்தாள்? சரக்கறையில் போய் இரண்டு பொட்டலங்களை நீட்டி, “ஜோதி, இதுல மைதா எதுன்னு சீட்டப் பாத்துச் சொல்லு” என்றேன். அவள் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் தேய்த்தாள்.

“கண்ணுல மாவுத் தூசி விழுந்துருச்சு அண்ணாச்சி. நீங்களே பாருங்க.”

கண்ணில் ஒரு தூசியும் இல்லை. தெளிவாக இருந்தது. அந்தப் பொய் என்னுடையது. பிரேமனில் பதினான்கு மாதங்கள் அதே பொய்யைச் சொல்லி நான் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஜெர்மன் பத்து வார்த்தை பேச வரும். வாசிக்க வராது. எழுத்து ஆங்கில எழுத்துதான். ஆனால் சேர்த்துப் படித்தால் ஒரு சொல் ரயில் மாதிரி நீளும், எந்தப் பெட்டியில் ஏறுவது என்று தெரியாது. சரக்கு இருக்கும் இடத்தை எழுத்தால் அல்ல, கூரை விளக்குகளை எண்ணித்தான் தெரிந்துவைத்திருந்தேன். நாலாவது விளக்குக்குக் கீழே காப்பி. ஏழாவதுக்குக் கீழே நாய்த் தீனி. யாராவது தாளைக் காட்டி எதையாவது கேட்டால், “கண்ணாடி வீட்டில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவேன். அப்போது நான் கண்ணாடியே போட்டதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை போனபோது மேற்பார்வையாளர் ஃபிராவ் கிளாசன், அதாவது கிளாசன் அம்மாள், கடை முழுவதையும் மாற்றி அடுக்கியிருந்தார். நாலாவது விளக்குக்குக் கீழே டாய்லெட் காகிதம். நான் நடுக் கடையில் நின்றேன். முகத்தில் யாரோ துணியைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. “அழகாக இருக்கிறது, இல்லையா?” என்று அவர் மகிழ்ச்சியோடு கேட்டார். “யா, யா” என்றேன். அன்று மாலை மனைவியிடம், ஊருக்குப் போய்விடலாம் என்று சொன்னேன்.

அத்தனை ஆண்டு கழித்து, சொந்த ஊரில், ஒரு ஒடிசாக்காரிக்கு நான் ஃபிராவ் கிளாசன் ஆகியிருந்தேன்.

ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. நானாவது விளக்கை எண்ணினேன். இவள் எதை வைத்து அத்தனை வேகமாக நடந்தாள்? அதற்கு விடை அன்று மதியம் அக்கா வாயிலிருந்து வந்தது. சாப்பிட்டு முடித்ததும் மாதப் பட்டியல் எழுதச் சொன்னாள். அடுப்படியில் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தாள். மஞ்சத்தூளு. உப்பு. புளி. வத்தல். மல்லி. சீரகம், மிளகு. கடுகு உளுந்து. வெந்தயம். நான் ஐந்தாவது பொருளில் பேனாவை நிறுத்திவிட்டேன். நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினேன். பிழை ஒன்று, பிழை இரண்டு என்று எண் போட்டு நான் வரைந்து வைத்திருந்த பழைய தட்டுகள். மஞ்சளுக்கு அடுத்தது உப்பு. உப்புக்கு அடுத்தது புளி.

“அக்கா, ஏன் மஞ்சள்ல ஆரம்பிக்க? அது இன்னும் அரை டப்பா இருக்கே.”

“இருந்தா என்ன? மஞ்சளச் சொல்லாம லிஸ்டு எப்படிலே ஆரம்பிக்கும்? வெளங்குமா?”

“சரி, அதுக்குப் பொறவு உப்பு ஏன்?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். “ஒனக்கு ஜெர்மனில வேல ஒண்ணும் இல்லையா?” என்றாள்.

கடைக்குப் போய் பேச்சியம்மாளிடம் பழைய பதிவுகளைக் கேட்க வேண்டும் என்றேன். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் மேசையில் அமர்ந்து பதினெட்டுப் பதிவுகள் கேட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களிலிருந்து, தளவாய்புரத்திலிருந்து, மில் குடியிருப்பிலிருந்து. பின்னால் குக்கர் விசில், சின்னப் பிள்ளை அழுகை, டி.வி. விதவிதமான குரல்கள், ஒன்றையொன்று தெரியாதவர்கள். பதினாறு பேர் மஞ்சளில் தொடங்கினார்கள். மஞ்சளிலிருந்து உப்புக்குப் போனார்கள். இடியாப்ப மாவு என்றவர்கள் அடுத்த மூச்சில் தேங்காய் என்றார்கள். மைதா என்றவர்கள் டால்டா என்றார்கள், ஏலக்காய் என்றார்கள். பலகாரம் சுடப் போகிறார்கள். எல்லாம் முடிந்து, போனை அணைக்கப் போகும் நேரத்தில், ஏறக்குறைய எல்லோரும் ஒரு பெருமூச்சோடு, “ஆங், பெருங்காயம்” என்றார்கள். இல்லாவிட்டால் தீப்பெட்டி.

ஊர் முழுவதும் தனக்குத் தெரியாமல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற ஒரு பாதை. அதில் பிறந்து, அதிலேயே சோறு தின்று வளர்ந்த எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எழுத்து தெரியாமல் இந்த ஊருக்கு வந்த ஒருத்தி, மூன்று வருடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, அந்தப் பாதையை அப்படியே தட்டுகளில் இறக்கி வைத்திருக்கிறாள். வெள்ளையாக இருப்பவற்றை ஒன்றுக்கொன்று தூரமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அது சொல்லப்படும் இடத்தில் வைத்திருக்கிறாள். நான் அதற்குப் பிழை எண் போட்டிருக்கிறேன்.

“ஒனக்குத் தெரியுமா, அவளுக்கு வாசிக்க வராதுன்னு?” என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“ரெண்டு வருசமாத் தெரியும். அவ யாருகிட்டயும் சொல்லல, நானும் கேக்கல. வேல நடந்துச்சு, அம்புட்டுத்தான. நீங்க வந்து தொடச்சு வச்சீகள்ல, அப்பத்தான் கொளம் கலங்குச்சு.”

ஜகநாதனிடம் போய், தவறு என் அடுக்கில் இருக்கிறது, பழையபடி மாற்ற வேண்டும் என்றேன். ஜோதிக்கு வாசிக்கத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “ஜெர்மனில ஓடுற வண்டி இங்க ஏன்லே ஓடாது? அவளுக்குப் புத்தி எங்கயோ கெடக்கு” என்றான். பதினெட்டுப் பதிவுகளையும் அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். ஆறாவதில் முகம் மாறியது. பத்தாவதில், “எங்க வீட்டம்மா வேற பாசையில சொன்னாலும் இதேதான்லே சொல்லும். பசுப்பு, உப்பு, சிந்தபண்டு” என்று தன் வீட்டுத் தெலுங்கில் முணுமுணுத்தான். பிறகு, “ஞாயித்துக்கெழம மத்தியானம் கடைய அடச்சதும் மாத்துங்க. ஆனா எது எங்க இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?” என்றான். நான் நோட்டைக் காட்டினேன்.

நோட்டு தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் இறக்கினோம். ஜோதி, “பேச்சியக்கா, அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சரம்மாவப் போடு” என்றாள். குரல் ஓடியது. குரல் சொல்லச் சொல்ல அவள் வைத்துக்கொண்டே போனாள். நான் நோட்டைப் பார்த்து, “பொரிகடல இங்கன இருந்துச்சு” என்று ஒரு தட்டைக் காட்டினேன்.

“இல்ல அண்ணாச்சி. நீங்க வந்தது ஆடி மாசம். அப்ப அங்க கெடந்துச்சு. இப்பத் தீவாளி வருதுல்லா, முறுக்குக்குக் கேப்பாக. பச்சரிசிக்குப் பக்கத்துல வரணும்.”

வாசலோர இருட்டுத் தட்டு வந்தது. என் நோட்டில் பதினேழாம் பிழை. நான் நாப்கின் பெட்டிகளை வெளிச்சத்தில், சோப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவற்றை எடுத்துப் பழைய ஓரத்தில் வைத்தபடி, “இத யாரும் போன்ல சொல்ல மாட்டாக. மேச முன்னால நின்னும் சொல்ல மாட்டாக. வருவாக, குனிஞ்சு எடுப்பாக, பைக்குள்ள போட்டுட்டு பேச்சியக்காகிட்ட கண்ணக் காட்டுவாக” என்றாள். வாயால் சொல்லப்படாதவற்றுக்கும் அந்தக் கடையில் ஓர் இடம் இருந்திருக்கிறது.

ஜகநாதன் இதையெல்லாம் வெங்காய வண்டியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று தட்டு முடிந்ததும் கேட்டான்: “ஏம்மா, சீட்டப் பாக்காமலே வைக்கியே?”

பேச்சியம்மாள் போனை நிறுத்தினாள். ஜோதி கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எனக்கு எழுத்து தெரியாது மொதலாளி. காது கேக்கும்.”

ஜகநாதன் வெங்காய வண்டியிலிருந்து நிமிர்ந்தான். தட்டுகளை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தான். நடக்கையில் அவன் உதடும் அசைந்தது. அவன் மனைவியின் பட்டியலாக இருக்க வேண்டும். பெருங்காயத் தட்டில் போய் நின்று, தானாகத் தலையை ஆட்டினான்.

“மாசக் கடைசின்னு சொன்னேன்ல, அத விட்டுரு. அந்தப் பெரிய கடைக்காரன் வந்து கூப்ட்டா மட்டும் போயிறாத, ஆமா.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஏலே, இனி இந்தத் தட்டுல நீ கை வச்சேன்னா வெட்டிருவேன்” என்றான். பேச்சியம்மாள், “வெட்டுங்க மொதலாளி, ஜெர்மனிலேருந்து வேற கை அனுப்புவாக” என்றாள். ஜோதி சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பத்திரம் பதிவாகிவிட்டது. நாளை மறுநாள் விமானம். நேற்றுக் காலை பிரேமனுக்குக் கொண்டுபோக வேண்டியவற்றை எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். ஜோதி கூடையை இடுப்பில் வைத்து முதல் தட்டில் போய் நின்றாள். நான் வாசித்தேன்: “புளி ரெண்டு கிலோ. கருப்பட்டி ஒண்ணரைக் கிலோ. உளுந்து ஒரு கிலோ. வத்தல் முக்காக் கிலோ.” அவள் இரண்டடி நடந்தாள், திரும்பினாள், நின்றுவிட்டாள்.

“இது என்ன வரிச அண்ணாச்சி?”

“எடை வரிச. ப்ளேன்ல இருபத்து மூணு கிலோதான் விடுவான். கனமானத மொதல்ல எழுதிருவேன். மிஞ்சினா கடைசியில இருக்கிறத அடிச்சுருவேன்.”

அவள் புரிந்ததாகத் தலையாட்டினாள். “நாங்களும் ரயிலுக்கு அப்படித்தான். ஒடையாதது மொதல்ல.” பிறகு சொன்னாள்: “போன தடவ ஊருக்குப் போயிருந்தப்ப எங்கம்மா கடைக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். அம்மா சிரிக்குது. இது எந்த ஊரு லிஸ்டுன்னு கேக்குது. எங்க ஊருல அப்படிச் சொல்ல மாட்டாக அண்ணாச்சி. எப்படிச் சொல்லுவாகன்னு யோசிச்சுப் பாத்தேன். மறந்துபோச்சு.”

நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

“அந்தத் தாள மடிச்சு வைங்க. நான் சொல்லுதேன். வேணும், வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். முதல் தட்டில் கையை வைத்தாள். “மஞ்சள்?”

மஞ்சள் பிரேமனில் துருக்கிக் கடையிலேயே கிடைக்கும். என் தாளில் இல்லை. “வேண்டாம்” என்றேன். அவள் நகரவில்லை. கை மஞ்சள் பொட்டலத்தின் மேலேயே இருந்தது. பேச்சியம்மாள் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மேசை முன்னால் நின்ற இரண்டு பெண்களும் பார்த்தார்கள். நூறு கிராம் பொட்டலம்தான். நான் மடித்த தாளைப் பிரித்து, கடைசி வரியில் இருந்த அப்பளத்தை அடித்தேன்.

“ஒண்ணு போடு” என்றேன்.

பொட்டலம் கூடையில் விழுந்தது. அவள் உப்புக்கு நகர்ந்தாள். நான் அவளுக்கு ஓரடி பின்னால், அவள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டே நடந்தேன்.